இலங்கை ஜனாதிபதி தேர்தல்ல திருமலை (திருகோணமலை) ஏன் எப்பவும் தோக்கிற பக்கமே நிக்குது?

உவர்மலைப் பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். தங்கச்சி ஏஎல் (உயர்தரப்) பரீட்சைக்கு அரசியல் விஞ்ஞானம் செய்றா, அவவுக்கு நோட்ஸ் எடுத்துக் குடுக்க வெளிக்கிட்டு பழைய ஜனாதிபதி தேர்தல் ரிசல்ட்ஸ மாவட்டம் மாவட்டமா பாத்துக்கொண்டு வந்தனான். 2005ல எங்கட மாவட்டம் ரணிலுக்கு போட்டிருக்கு, 2010ல பொன்சேகாவுக்கு, 2019லயும் 2024லயும் சஜித்துக்கு. ஒருத்தரும் வெல்லேல்ல. இடையில 2015ல மைத்திரி மட்டும்தான் தப்பினவர். இன்னொரு பகிடி, பொன்சேகா, மைத்திரி, 2019 சஜித் மூண்டு பேரும் அன்னம் சின்னத்திலதான் கேட்டவை, ஆள் மாறுது அன்னம் மாறேல்ல. அப்ப நாங்க கட்சிக்குப் போடுறமா ஆளுக்குப் போடுறமா? மற்றது 2024ல ரெண்டாந்தரம் எண்ணினவங்கள் எல்லோ, அது எப்பிடி எண்டு ஆராவது விளங்கப்படுத்துங்கோ, தங்கச்சி கேட்டு எனக்கு வாய் திறக்க ஏலாமப் போச்சு.

பழைய கச்சேரி:
தம்பி, 2005ல இருந்து பாத்தா பாதிக் கதைதான் தெரியும். 1972ல குடியரசானாப் பிறகு கோபல்லாவ ஜனாதிபதியா இருந்தார், ஆனா சும்மா பேருக்கு. அதிகாரம் முழுக்க பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின்ர கையில. 1978ல ஜே.ஆர் ஜெயவர்த்தன அதை மாத்தி நிறைவேற்று அதிகார ஜனாதிபதி எண்டு கொண்டு வந்து தானே அந்தக் கதிரையில இருந்தவர், சனம் புள்ளடி போட்ட முதல் ஜனாதிபதி தேர்தல் 1982 அக்டோபர் 20. அதிலயும் சிறிமாவுக்கு 1980லயே குடியியல் உரிமைகளப் பறிச்சாச்சு, அவவால கேக்கேலாது, அவவின்ர சுதந்திரக் கட்சி கொப்பேகடுவவ இறக்கினது. ஜே.ஆருக்கு கிட்டத்தட்ட 53 வீதம், கொப்பேகடுவவுக்கு 39. எதிராளிய மைதானத்துக்கே விடாம வெண்ட வெற்றி எண்டுதான் நான் சொல்லுவன், ஜே.ஆரின்ர யானைக் கட்சிக்காரர் கோவிச்சாலும் பரவாயில்ல. வெண்ட கையோட பாராளுமன்றத் தேர்தல் வைக்காம டிசம்பர்ல சர்வஜன வாக்கெடுப்பு ஒண்டு வச்சு, விளக்கா (ஓம்) குடமா (இல்லை) எண்டு கேட்டு, இருந்த பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருசத்துக்கு இழுத்தது வேற கதை.

அந்தத் தேர்தல்ல தமிழ்க் காங்கிரஸ் குமார் பொன்னம்பலமும் நிண்டவர். யாழ்ப்பாணம் மாவட்டத்தில அவர்தான் முதலாவது, ஆனா ரெண்டாவதா வந்தது ஜே.ஆர் இல்ல, கொப்பேகடுவ. வெளிநாட்டு வெங்காயம் மிளகாய் வராம சிறிமா அம்மா தடுத்து வச்ச காலத்தில உழைச்ச தோட்டக்காரர் மறக்கேல்ல எண்டு அந்த நேரம் கதைச்சவை. ஆக உன்ர கேள்விக்கு, கட்சியுமில்ல ஆளுமில்ல, வயிறும் ஒரு கணக்கு.

கிண்ணியா நானா:
கச்சேரி ஐயா சொல்றது சரி, ஆனா ஒண்டு விட்டுட்டீங்க. 1988. பிரேமதாசவும் சிறிமாவும் நேருக்கு நேர், தெற்கில ஜேவிபி வாக்குப் போடவேணாம் எண்டு வெருட்டி சனம் அரைவாசிதான் வெளிய வந்தது, பிரேமதாச எடுத்தது 50.43 வீதம், நூலிழை. அந்த நேரம் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரஃப் சேர் என்ன செஞ்சார்? பிரேமதாசவுக்கு சும்மா ஆதரவு எண்டு மேடையில ஏறல்ல. மாவட்டத்தில பன்னிரண்டரை வீதம் எடுத்தாத்தான் சீட் கணக்குக்கே வரலாம் எண்ட வெட்டுப்புள்ளிய 5 வீதமா குறைங்க எண்டு கேட்டார். 15வது திருத்தம் டிசம்பர் 17ல சட்டமாச்சு, தேர்தல் 19ல. ரெண்டு நாள் முந்தி! கையில வாங்கிட்டுத்தான் குடுத்தார். அதுக்குப் பிறகு, அண்டைக்குச் சின்னக் கட்சிகளா இருந்த ஜேவிபி, முஸ்லிம் காங்கிரஸ் மாதிரி ஆக்கள் கன மாவட்டத்தில ஒரு சீட்டாவது எடுத்ததுக்கு அந்தப் பேரம்தான் காரணம். எங்கட தமிழ் சகோதரங்க 2010ல இருந்து எழுத்தில ஒண்டும் வாங்காம குடுத்துக்கிட்டே வாறாங்க, அதுதான் பிரச்சினை. தோத்ததோ வெண்டதோ ரெண்டாம்பட்சம்.

மட்டிக்களி அக்கா:
நானா, கதை வடிவா இருக்கு, ஆனா நியாயமில்ல. அஷ்ரஃப் அவர்கள் கேட்டது தேர்தல் கணக்கில ஒரு இலக்கத்த மாத்தச் சொல்லி, பாராளுமன்றத்தில மூண்டில ரெண்டு கையில வச்சிருந்த அரசாங்கம் ஒரே நாளில மாத்திப்போடும். எங்கட ஆக்கள் கேக்கிறது அதிகாரப் பகிர்வு, காணி, காணாமப்போன பிள்ளையள். அதை எழுதிக் குடுத்தா அந்த வேட்பாளர் தெற்கில அண்டைக்கே முடிஞ்சார். தமிழ்க் கூட்டமைப்புத் தலைவரா இருந்த சம்பந்தன் ஐயாவுக்கு இது தெரியாதா? 2010ல யுத்தம் செய்த தளபதி பொன்சேகாவுக்கே போடுங்கோ எண்டு சொன்ன மனுசன், ஏன் சொன்னார் எண்டு யோசியுங்கோ. நல்லவர் எண்டு இல்ல, மற்றவர், மஹிந்த, வேணாம் எண்டு. எங்கட வாக்கு பெரும்பாலும் எதிர் வாக்குத்தான்.

மற்றது 2005. வடக்கில புலிகளின்ர பகிஷ்கரிப்பு, யாழ்ப்பாணத்தில நூற்றுக்கு ஒருத்தர் மட்டில தான் போட்டது. மஹிந்த வெண்டது 1 லட்சத்து 80 ஆயிரம் மட்டில வித்தியாசத்தில. இங்க திருமலையில சனம் போய்ப் போட்டது, அதான் ரணிலுக்கு 61 வீதம் வந்தது. அப்ப தோத்த பக்கம் நிண்டது திருமலையின்ர பிழையா? அந்த மஹிந்தவே 2022 மே மாதம் கொழும்பில சனம் கலைக்க ஹெலியில வந்து ஒளிச்சது எங்கட ஊர் நேவி பேசுக்குள்ளதான், வெளிய சனம் நிண்டு கத்தினதையும் பாத்தம். அதுக்கு மட்டும் திருமலை நல்ல இடம்.

உவர்மலைப் பெடியன்:
அக்கா 😂😂 சரி சரி. அந்த ரெண்டாந்தர எண்ணல்?

பழைய கச்சேரி:
வாறன். வாக்குச்சீட்டில ஒராளுக்குப் புள்ளடி போடலாம், இல்லாட்டி 1, 2, 3 எண்டு விருப்பம் போடலாம். செல்லுபடியான வாக்கில பாதிக்கு மேல ஒருத்தரும் எடுக்காட்டி முதல் ரெண்டு பேரத் தவிர மிச்ச எல்லாரையும் ஒரே அடியா விலக்கிப்போட்டு, அவையின்ர சீட்டில இந்த ரெண்டு பேருக்கும் 2 இல்லாட்டி 3 இருக்கா எண்டு பாக்கிறது. 1982ல இருந்தே சட்டத்தில கிடந்தது, தேவைப்பட்டது 2024 செப்டெம்பர்ல தான். முதல் எண்ணல்ல அனுரவுக்கு 42.31, சஜித்துக்கு 32.76, ரணிலுக்கு 17 சொச்சம். மற்றவையின்ர சீட்டு 33 லட்சம் அளவில இருந்தும் இந்த ரெண்டு பேருக்கும் விருப்பம் விழுந்தது மூண்டு லட்சம் கூட இல்ல, அனுரவுக்கு 1 லட்சத்து 5 ஆயிரம் மட்டில, சஜித்துக்கு 1 லட்சத்து 67 ஆயிரம் மட்டில. சஜித்துக்குத்தான் கூட, ஆனா அந்த இடைவெளிய மூட அது எந்த மூலைக்கு. கனபேர் பழக்கதோசத்தில ஒரு புள்ளடியோட வந்திட்டினம்.

கிண்ணியா நானா:
அரியநேத்திரன்ர சங்குச் சின்னத்துக்குப் போட்ட ஆக்கள் எத்தின பேர் 2 போட்டாங்களோ தெரியா. அரியநேத்திரனுக்கு 2 லட்சத்து 26 ஆயிரம். ஒரு பக்கம் தமிழ்ப் பொது வேட்பாளர், மறுபக்கம் தமிழரசுக் கட்சி மத்திய குழு சஜித்துக்கு எண்டு வவுனியாவில கூடி முடிவெடுக்குது. சம்பந்தன் ஐயா காலமாகி அப்ப மூணு மாசம் கூட ஆகல்ல.

மட்டிக்களி அக்கா:
ஓம் அது வெக்கக்கேடு, அதில நான் உங்களோட சண்டைக்கு வரமாட்டன். ஆனா தம்பி, தலைப்ப மாத்துங்கோ. செப்டெம்பர்ல சஜித்துக்குப் போட்ட இதே மாவட்டம் நவம்பர் 14 பொதுத்தேர்தல்ல அனுரவின்ர திசைகாட்டிய முதலாவதாக் கொண்டு வந்திட்டுது. நாலில ரெண்டு சீட் அவைக்கு, தமிழரசுக்கு ஒண்டு, சஜித்தின்ர ஆக்களுக்கு ஒண்டு. அத தங்கச்சியின்ர நோட்ஸில சேருங்கோ, திருகோணமலை, மூதூர், சேருவில மூண்டு தொகுதியையும் தனித்தனிய எழுதச் சொல்லுங்கோ. மாவட்டம் எண்டு ஒரு இலக்கத்த மட்டும் வச்சுப் பாத்தா ஒண்டும் விளங்காது.