கேபிளை நிறுத்தியதில் எவ்வளவு மிச்சம்? உங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லுங்கள்

கும்பகோணம் வாசி

கேபிள் இணைப்பை நிறுத்தி ஒரு வருஷம் முடிந்துவிட்டது. எவ்வளவு மிச்சம் என்று போன வாரம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மிச்சம் இருக்கட்டும், இன்னும் கைக்காசுதான் போட்டிருக்கிறேன். எங்கே தப்பு செய்தேன் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கேபிளுக்கு மாதம் 290 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதுக் கட்டண முறையைக் கொண்டுவந்தது நினைவிருக்கும். அப்போது அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் சன் டிவிக்கு 19, விஜய்க்கு 17 என்று சேனல் வாரியாக விலை. அம்மாவுக்கு சீரியல், எனக்கு கிரிக்கெட், பையனுக்கு கார்ட்டூன் என்று சேர்த்துச் சேர்த்து 290 ஆகிவிட்டது. வருஷத்துக்கு 3,480.

இணையத்துக்குத் தனியாக 499 ரூபாய்த் திட்டம், வரியோடு 589. அது அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆக, மிச்சம் பிடிக்க முடிந்தது அந்த 3,480-இல் மட்டும்தான். அதற்குப் பதிலாக வந்தவை: அமேசான் பிரைம் 1,499, அம்மாவின் சீரியலுக்கு ஒரு ஆப், கிரிக்கெட்டுக்கு சீசனில் மட்டும் மூன்று மாதம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,700. மிச்சம் 780 ரூபாய். ஆனால் எங்கள் டிவி பழசு, ஆப் எதுவும் வராது. அதில் செருகி ஆப் பார்க்க ஒரு ஸ்டிக் வாங்கினேன், 2,800. போட்ட காசை எடுக்கவே மூன்றரை வருஷம் ஆகும். அதுவரை ஸ்டிக் உயிரோடு இருக்குமா தெரியாது.

காசைவிட அம்மா பட்ட பாடுதான் பெரிசு. பழைய கேபிள் ரிமோட்டுக்கு பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பார். எந்த சேனல் எந்த நம்பர் என்று காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி டிவி மேஜையில் சாய்த்து வைத்திருந்தார். புது ரிமோட்டில் நம்பரே இல்லை. முதல் மாதம் தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு என்னைக் கூப்பிடுவார். "எப்ப வேணா பாக்கலாம்மா, இதுக்கு நேரமே கிடையாது" என்றால், "நேரம் இல்லன்னா எப்பத்தான் பாக்கறது?" என்பார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஓசூர்க்காரன்

எனக்கு இந்தச் சிக்கலே இல்லை. ரூமில் நான்கு பேர், டிவியும் இல்லை. வைஃபைக்கு ஆளுக்கு 150 ரூபாய், அவ்வளவுதான். ஒரே ஒரு குறை. மேட்ச் அன்றைக்கு எதிர்வீட்டில் கேபிளில் பார்ப்பார்கள். அங்கே "ஓஓ" என்று சத்தம் வந்த பிறகுதான் எங்கள் லேப்டாப்பில் பவுலர் ஓடிவரவே ஆரம்பிப்பான். அரை நிமிஷம் பின்னால் ஓடுகிறது. கடைசி ஓவருக்கு ஜன்னலைச் சாத்திவிடுவோம்.

கரிசல் மண்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. ஃபைபர் இன்னும் ஊருக்குள் வரவில்லை. நான் செய்தது வேறு. 2020-இல் டிடி ஃப்ரீ டிஷ் மாட்டினேன். தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் ஆரம்பித்ததுதான் இது, மாதச் சந்தா கிடையாது. குடை (டிஷ் ஆன்டெனா), பாக்ஸ், வயர், மாட்டுகிற கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 1,800 ரூபாய் ஆனது. அதோடு சரி, அப்புறம் செலவே இல்லை.

ஆனால் ஆசைப்பட்டு மாட்டிவிடாதீர்கள். நான் மாட்டியபோது அதில் வந்தது பெரும்பாலும் இந்திச் சேனல். சன், விஜய் எதுவும் கிடையாது. தமிழுக்கு நம்பி உட்கார்ந்தது பொதிகை ஒன்றைத்தான் (2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்). எங்கள் அப்பாவுக்குச் செய்தியும் பழைய படமும் போதும் என்பதால் ஓடுகிறது. வீட்டுக்காரிக்கு ஒப்பவில்லை. அவள் போனில் டேட்டா போட்டு சீரியல் பார்க்கிறாள். அந்த ரீசார்ஜைக் கணக்கில் சேர்த்தால் கேபிளே தேவலை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. குடை கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே பார்த்து நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் சரியாக அந்தப் பக்கம்தான் வேப்பமரம். தை மாதம் தெளிவாக வந்த படம், கொப்பு தழைத்ததும் ஆனியில் போய்விட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு 200 ரூபாய் கொடுத்த பிறகு அவர் சொன்ன வைத்தியம், "அரிவாள் இருக்கா அண்ணாச்சி?"

கோவை அக்கா

கும்பகோணம் தம்பி, ஆப் சந்தா எதற்காவது ஆட்டோபே, அதாவது தானாகவே பணம் பிடித்துக்கொள்கிற அனுமதி, போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரு ஆப்பில் மூன்று மாதச் சலுகைக்குச் சேர்ந்தேன், எந்த ஆப் என்று சொல்லவில்லை. சலுகை முடிந்ததும் முழு வருஷத் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவல் வந்திருந்தது. நகைக்கடை விளம்பரத்துக்கும் லோன் வேண்டுமா மெசேஜுக்கும் நடுவில் கிடந்தது, நான்தான் பார்க்கவில்லை. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். உள்ளே போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று வரும், அங்கேயே நிறுத்தலாம். எனக்கு ஐந்து இருந்தன. இரண்டு எதற்கென்றே எனக்குத் தெரியவில்லை.

லைன்காரன்

நான் கேபிள் ஆபரேட்டர், டெல்டா பக்கம். ஊர் வேண்டாம். படித்துக்கொண்டே வந்தேன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது என்னிடம் 430 வீடு. இன்றைக்கு 160. அந்த 130 ரூபாய் அடிப்படைக் கட்டணம் முழுசும் என் பைக்கு வருகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தனியாக ஒப்பந்தம் பேசிக்கொள்ளாவிட்டால் அதில் 45 சதவீதம்தான் ஆபரேட்டருக்கு, அதாவது 58 ரூபாய் 50 காசு. மீதி, மேலே எங்களுக்கு சிக்னல் கொடுக்கிற கம்பெனிக்குப் போய்விடும். அதில்தான் ஆம்ப்ளிஃபயர் கரண்டு, லைன் பார்க்கிற பையன் சம்பளம், மாதாமாதம் வீடு வீடாக அலைகிற பெட்ரோல்.

அதனால் கடன் வாங்கி ஃபைபர் ஒட்டுகிற ஸ்பிளைசிங் மிஷின் எடுத்தேன். இப்போது இன்டர்நெட் கனெக்‌ஷனும் கொடுக்கிறேன். என்னிடம் கேபிளை வெட்டியவர்களில் பாதிப் பேர் என்னிடமே நெட் வாங்கியிருக்கிறார்கள்! வேலை மட்டும் மாறவில்லை. முன்பு அணில் வயரைக் கடித்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம்தான் போகும். ஃபைபரைக் கடித்தால் மோடத்தில் சிவப்பு லைட் எரியும், மொத்தமும் போச்சு. வைக்கோல் லாரி மேலே இடித்துக்கொண்டு போனாலும் அதே கதைதான். டிவி போனால் சாயங்காலம் வா என்பார்கள். நெட் போனால் அஞ்சு நிமிஷத்தில் மூன்று போன்.

கும்பகோணம் சாருக்கு ஒரு விஷயம். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களே திட்டுவார்கள். பேக்கேஜ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அடிப்படைக் கட்டணத்திலேயே இலவசச் சேனல்கள் வந்துவிடும். அதற்கு மேல் அம்மா பார்க்கிற இரண்டு சேனலை மட்டும் தனியாகப் போடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன விலைக்கு வரியோடு 196 ரூபாய்தான் ஆகும், 290 இல்லை. யாரும் கேட்பதில்லை. நாங்களாகவும் சொல்வதில்லை.

கும்பகோணம் வாசி

லைன்காரரே, ஒப்புக்கொண்டதற்கு நன்றி. சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 196 என்றால் வருஷத்துக்கு 2,350 சொச்சம். மூன்று ஆப்பையும் விட்டுவிட்டு இதற்குத் திரும்பினால் இப்போதைக்கு 350 ரூபாய் குறைவு. கிரிக்கெட் போய்விடும். ஓசூர் தம்பி ஜன்னலைச் சாத்துகிற மாதிரி, நான் எதிர்வீட்டுக்குப் போய்விடலாம். கோவை அக்கா சொன்ன ஆட்டோபேயையும் பார்த்தேன். எனக்கு மூன்று இருந்தன, ஒன்றை நிறுத்திவிட்டேன்.

நேற்று எங்கள் கேபிள்காரருக்கும் போன் செய்தேன். பாக்ஸ் அவரிடமே இருக்கிறதாம், பழைய வயர் இருந்தால் உடனே கொடுத்துவிடலாம் என்றார். மாடிக்குப் போய்ப் பார்த்தால், அந்தக் கறுப்பு வயரை அம்மா இரண்டு தூணுக்கும் நடுவே இழுத்துக் கட்டி ஒரு வருஷமாகத் துணி காயப்போடுகிறார்.

சரி, அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று கேட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டிக் ரிமோட்டைக் கையில் எடுத்து, மைக் படம் போட்ட பட்டனைக் காட்டினார். "இத அமுக்கி சிவாஜி படம்னு சொன்னா வருது. கேபிள்ல இந்தப் பட்டன் இருக்குமாடா?"

இல்லை என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.