302 வந்ததும் பாம்பனும் ராமேஸ்வரமும் சேர்ந்தே அடிக்கிறது

மண்டபம்_லைன்:
மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனிக்கு கமேலியோ (இன்டர்நெட் போன் அழைப்பை, அதாவது சிப்பை, வழிநடத்தும் மென்பொருள்) ஓடுகிறது. ஆபீஸ் பூட்டியபின் திருப்பிவிடும் சர்வர் 302 (வேறு முகவரியில் முயற்சி செய் என்ற பதில்) அனுப்பும். அதில் இரண்டு காண்டாக்ட் (அழைக்கவேண்டிய முகவரி): பாம்பன் ஷெட் கியூ (முன்னுரிமை எண்) 0.9, ராமேஸ்வரம் கியூ 0.5. ஷெட்டில் எடுக்காவிட்டால்தான் ராமேஸ்வரம் அடிக்கணும், ஆனால் இரண்டும் சேர்ந்தே அடிக்குது. ஷெட்டில் ரிஜெக்ட் அழுத்தினால் ராமேஸ்வரமும் நின்றுபோகுது. சில நேரம் கூப்பிட்டவருக்கு அறிவிப்பு பாதியில் அறுந்து ரிங் வருது.

தொண்டி_சிப்:
தம்பி, கியூ யார் முந்தி என்றுதான் சொல்லும். ஒருவர் முடியும்வரை காத்திருக்கச் சொல்லாது. ஃபெயிலியர் ரூட்டில் (அழைப்பு தோற்றால் ஓடும் பகுதி) இரண்டு காண்டாக்டையும் கிளையாகச் சேர்த்து டி_ரிலே (அனுப்பும் கட்டளை) கொடுத்தால் இன்வைட் (அழைப்புச் செய்தி) இரண்டுக்கும் ஒன்றாகத்தான் போகும். 0.9-ஐ மட்டும் அனுப்பு, மற்றதை ஏவிபியில் (கமேலியோவின் தற்காலிக மாறி) வை, ஷெட் எடுக்காவிட்டால் அதை எடுத்து அனுப்பு. ரிங் நேரத்தை 20 விநாடியாக்கு (சும்மா விட்டால் 120). முக்கியமாக, ஃபெயிலியர் ரூட்டுக்குள்ளேயே டி_ஆன்_ஃபெயிலியரை (தோல்வியைப் பிடிக்கும் கட்டளை) மறுபடி போடணும். இல்லையென்றால் ஷெட் எடுக்காதபோது அந்த 408 (நேரம் முடிந்தது என்ற பதில்) நேரே கூப்பிட்டவருக்குப் போய்விடும்.

ரிஜெக்டுக்கு அந்த போன் 603 (அடியோடு மறுப்பு) அனுப்புகிறதா பார். 6-இல் தொடங்கும் பதில் வந்தபின் ப்ராக்ஸி (இடைநிலை சர்வர், இங்கே கமேலியோ) புதுக்கிளை திறக்கக் கூடாது என்பது ஆர்எஃப்சி 3261 (சிப் தரநிலை) விதி. போன் அமைப்பில் 486 (பிஸி) ஆக்கிவிடு. கமேலியோவின் டிஎம் மாட்யூலில் இந்தத் தடையை எடுக்கவும் வழி இருக்கு, ஆனால் மாட்யூல் அமைப்பாகப் போட்டால் அது எல்லா அழைப்பையும் பாதிக்கும்.

கீழக்கரை_நெட்:
அறிவிப்பு அறுவதற்கு முதலில் 183 (அறிவிப்பு ஒலியோடு வரும் பதில்), 180 (ரிங் அடிக்கிறது என்ற பதில்) இரண்டிலும் டூ டேக் (பதில் எங்கிருந்து வந்தது என்று காட்டும் குறி) ஒன்றா பாருங்க. வேறுவேறு என்றால் 180 அடுத்த கிளையுடையது, கோளாறு இல்லை. ஒன்றேயானால் யுடிபியில் (வரிசைக்கு உறுதி தராத அனுப்பு முறை) வரிசை மாறியிருக்கலாம்: பிந்தி வந்த 180-ஐப் பார்த்து கூப்பிட்டவர் பக்க கேட்வே தன் ரிங்கைப் போட்டுவிடும். இன்வைட்டில் 100ரெல் (இடைப் பதிலுக்கும் ரசீது தரும் வசதி) ஆதரவு இருந்தால் பிராக் (அந்த ரசீது) இயக்குங்க. இடைப் பதில்களின் வரிசை எண்ணான ஆர்செக் ஒவ்வொன்றாக ஏறும், வரிசை தப்பி வந்ததைக் கூப்பிட்ட பக்கம் ஏற்காது. 100-க்கு (முயற்சிக்கிறேன் என்ற பதில்) மட்டும் பிராக் கிடையாது.

மண்டபம்_லைன்:
603-தான் அண்ணே, மாத்திட்டேன். ஷெட்டில் கரண்ட் இல்லாதப்போ அரை நிமிஷம் சத்தமே இல்லையே?

தொண்டி_சிப்:
அது எஃப்ஆர் டைமர் (முதல் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்), இயல்பாக 30 விநாடி. 5 ஆக்கு. அதற்குள் 0, 0.5, 1.5, 3.5 விநாடிகளில் இன்வைட் நாலு தடவை போயிருக்கும், உயிரோடிருக்கிற போனுக்கு அது போதும். கரண்ட் இருந்தும் பதில் இல்லையென்றால் கேபிள் முனையைக் கழற்றிப் பார். பாம்பன் உப்புக்காத்தில் முனையிலுள்ள ஊசி (பின்) பச்சை பிடித்திருக்கும்.