பொருள்: படம் முழுதாக ஏறாததற்கு ஒரு சொல் (ஞாயிறு இரவுக்குள்)

கீழக்கரையிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை ஸ்கேன் பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பு. அதற்குள் கையேடு அச்சாக வேண்டும். டைகாம் கோப்புகளை (ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் வடிவம்) மென்பொருளில் திறக்கும்போது வரும் கோளாறுகளுக்குப் பொதுச்சொல் தேடுகிறேன். பயிற்சிக்கு வைத்திருக்கும் தலை சி.டி. ஸ்கேன் தொகுப்பில் (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமும் ஒரு கோப்பு), நகலெடுத்தபோது நடுவில் ஒரு கோப்பு விடுபட்டிருக்கிறது. குறுக்குவெட்டில் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. பக்கவாட்டில் திருப்பினால் மூக்கின் நடுவே ஒரு படிக்கட்டு. 'ஏற்றப் பிழை' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தேவிபட்டினத்திலிருந்து:
ஏற்றம் என்றதும் கிணற்றடிதான் நினைவுக்கு வரும். குறளிலேயே சொல் இருக்கிறதே: 'பீலிபெய் சாகாடும்' (475), மயிலிறகு ஏற்றிய வண்டியும். பெய்தல் என்றால் வண்டியில் சுமை ஏற்றுதல். 'பெய்பிழை' எனலாம், வினைத்தொகை, ஒற்றும் மிகாது. அளவுக்கு மீறிப் பெய்தால் அச்சு முறியும் என்கிறார். நினைவகம் போதாமல் மென்பொருள் நின்றுபோவதும் அதுதானே? 'பை' என்ற சொல்லே பெய்தலில் பிறந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து:
விரிவாக வேண்டாம் ஐயா. பெய்பிழை என்றால் எங்கள் ஊரில் மழை பொய்த்தது என்றுதான் நினைப்பார்கள். ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. 'ஏற்றப் பிழை' என்றால் பழி மென்பொருள் மேல் விழுகிறது. பல சமயம் கோப்பே சரியில்லை: முதல் 128 பைட்டுகளுக்குப் பின் இருக்க வேண்டிய 'டி.ஐ.சி.எம்.' என்ற நான்கு எழுத்தே இருக்காது. அது 'ஏறாக் கோப்பு'. ஓடாக் குதிரை போல.

கீழக்கரையிலிருந்து:
காக்கா (அண்ணா), என்னிடம் இருந்ததெல்லாம் ஏறிவிட்டது. ஏறாத கோப்பு ஊரைக் கூட்டும்; குறையோடு ஏறியது வாய் திறக்காது. 1.25 மி.மீ. இடைவெளியில் எடுத்த படங்களில் ஒன்று போய், மீதியை மென்பொருள் சீராக அடுக்கிவிட்டால், அந்த இடத்தில் இருக்கும் கட்டி 1.25 மி.மீ. குட்டையாகிவிடும். அதற்குத்தான் முதலில் பெயர் வேண்டும்.

தொண்டியிலிருந்து:
'கீற்று விடுபாடு'. ஒரு குறுக்குவெட்டுப் படம் ஒரு கீற்று. கொட்டகை வேயும்போது ஒரு கீற்று விட்டுப்போனால் வேய்ந்தவருக்குத் தெரியாது, கீழே படுத்தவர் மேல்தான் ஒழுகும். 'சீவல்' மட்டும் வேண்டாம், வெற்றிலைத் தட்டு கண்முன் வருகிறது.

தேவிபட்டினத்திலிருந்து:
கீற்று, கீறு என்பதிலிருந்து வந்தது. நோயாளி காதில் விழுந்தால் கத்தியோ என்று அஞ்சுவார்.

கீழக்கரையிலிருந்து:
நோயாளி கையேடு படிக்கப் போவதில்லை ஐயா. இன்னொரு கூத்து. கோப்புறைக்குத் தமிழில் 'தலை' என்று பெயர் வைத்திருந்தேன். மென்பொருள் ஒரு படத்தையும் திறக்கவில்லை. ஆங்கில எழுத்தில் மாற்றியதும் திறந்துகொண்டது. இதற்கு என்ன சொல்?

தேவிபட்டினத்திலிருந்து:
அவமானம்.

கீழக்கரையிலிருந்து:
மணி பதினொன்று. பொதுச்சொல்லாக 'ஏற்றப் பிழை', படம் குறைந்தால் 'கீற்று விடுபாடு'. மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள். மெய்ப்பை இணைத்திருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து:
அந்த மூவரில் நான் இல்லை. 'ஏறாக் கோப்பு' அடிக்குறிப்பிலாவது வரட்டும்.

தேவிபட்டினத்திலிருந்து:
மெய்ப்பில் ஏழாம் பக்கம் 'ஏற்ற பிழை' என்றிருக்கிறது. ஒற்று விடுபட்டதால் 'பொருத்தமான பிழை' என்று பொருளாகிறது. பெய்பிழைக்கு இந்தத் தொல்லை இல்லை.