வளர்ப்புத் தோலில் புரதங்கள் சரியாக இருந்தும் தடுப்பு கசிகிறது: கொழுப்பமிலம் சேர்க்க வேண்டுமா?

மேல்தோல் (கேள்வி)
வணக்கம். கெராட்டினோசைட்டு என்ற மேல்தோல் செல்களைக் கொண்டு வளர்க்கும் மனிதத் தோல் மாதிரி பற்றிய சந்தேகம். 0.4 மைக்ரான் துளையுள்ள இன்சர்ட் (துளைச் சவ்வை அடியாகக் கொண்ட வளர்ப்புக் குவளை), சதுர செ.மீ.க்கு 5 லட்சம் செல். மறுநாள் மேல்பக்க மீடியத்தை எடுத்துவிட்டு 11 நாள் காற்றுபட விடுவது. சீரம் இல்லை, கால்சியம் 1.5 மில்லிமோலார், வைட்டமின் சி மி.லி.க்கு 50 மைக்ரோகிராம். இன்வோலுக்ரின், லோரிக்ரின், ஃபிலாக்ரின் ஆகிய முதிர்ச்சிப் புரதங்கள் மூன்றும் உரிய அடுக்கில் தெரிகின்றன. மின்தடை அளவும் நன்றாகவே வருகிறது. ஆனால் மேலே 1 மில்லிமோலார் லூசிஃபர் யெல்லோ சாயம் விட்டால், அது ஸ்ட்ராட்டம் கார்னியம் என்ற வெளி அடுக்கைக் கடந்து உயிருள்ள அடுக்கின் வாசல்வரை இறங்கிவிடுகிறது. மீடியத்தில் கொழுப்பமிலம் எதுவும் இல்லை. வேண்டியதைச் செல்லே தயாரித்துக்கொள்ளாதா?

கார்னியோ
பலவற்றைத் தயாரிக்கும், ஆனால் லினோலியிக் அமிலத்தைத் தயாரிக்காது. 1929-இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இருவரும் கொழுப்பே இல்லாத தீனியில் எலிகளை வளர்த்தபோது அவற்றின் தோல் செதிலாக உரிந்தது. உங்கள் தட்டில் இருப்பதும் அதே குறைபாடுதான்.

தடுப்புக்கு அச்சாணி அசைல்செராமைடு என்ற கொழுப்பு. 30 கார்பனுக்கும் மேல் நீண்ட கொழுப்பமிலச் சங்கிலி, அதன் நுனியில் லினோலியிக் அமிலம். 12ஆர்-லிப்பாக்சிஜனேஸ், இ-லாக்ஸ்-3 என்ற இரண்டு நொதிகள் அடுத்தடுத்து அந்த லினோலியிக் அமிலத்தை மாற்றுகின்றன. பிறகு அது கழன்றுபோக, மீதிச் செராமைடு செல்லின் புரத ஓட்டோடு நிரந்தரமாகப் பிணைகிறது. கொழுப்பு அடுக்குகள் வரிசையாக அமர்வது இந்தப் பிணைப்பின் மேல்தான். லினோலியிக் கிடைக்காவிட்டால் செல் அந்த இடத்தில் ஒலியிக் அமிலத்தை வைத்துவிடும். அதை இந்த நொதிகள் தொடுவதில்லை. ஆக இன்வோலுக்ரின் இருக்கும், அதன்மேல் கொழுப்பு இருக்காது. ஸ்டெய்னைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சேர்க்க வேண்டிய அளவு: லினோலியிக் 30, பால்மிட்டிக் 25, அராக்கிடோனிக் 7 மைக்ரோமோலார், கொழுப்பமிலம் நீக்கிய ஆல்புமின் 24 மைக்ரோமோலார், வைட்டமின் இ 1 மைக்ரோமோலார். கொழுப்பமிலங்களை எத்தனாலில் கரைத்து, 37 டிகிரியில் கலக்கிக்கொண்டே இருக்கும் ஆல்புமின் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மீடியத்தில் எத்தனால் 0.1 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஆல்புமின் இல்லாமல் நேராக ஊற்றினால் தனி அமிலம் செல் சவ்வைச் சிதைத்துவிடும். அளவைக் கூட்டினாலும் பயனில்லை, செல்லுக்குள் எண்ணெய்த் துளிகளாகத் தேங்கும். லினோலியிக் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால் நைட்ரஜன் நிரப்பி -20 டிகிரியில் வையுங்கள்.

சவ்வு
மேலே சொன்னதோடு ஒன்று. கொழுப்பு இங்கே சாந்து மட்டுமில்லை, ஆணையும் அதுதான். கொழுப்பமிலங்கள் பிபார் ஏற்பிகளையும், ஆக்சிஜனேறிய கொலஸ்ட்ரால் எல்எக்ஸ்ஆர் ஏற்பியையும் தூண்டுகின்றன; அதனால் இன்வோலுக்ரின், ட்ரான்ஸ்குளூட்டமினேஸ்-1 போன்ற முதிர்ச்சி மரபணுக்கள் எழும்புகின்றன. கொழுப்பை வெளியே கொண்டுவிடும் லமெல்லார் துகள்களில் அதை ஏற்றும் ஏபிசிஏ12 புரதம் கூட பிபார்-டெல்டாவின் பிடியில்தான் இருக்கிறது. ஏபிசிஏ12 அடியோடு பழுதானால் வருவது ஹார்லிக்வின் இக்தியோசிஸ் என்ற கடுமையான பிறவிச் செதில் நோய்.

கொலஸ்ட்ரால் சல்ஃபேட்டையும் கவனியுங்கள். துகளடுக்கில் (ஸ்ட்ராட்டம் கார்னியத்துக்குக் கீழே உள்ள உயிருள்ள அடுக்கு) மொத்தக் கொழுப்பில் ஏறக்குறைய 5 சதவீதம் வரை சேர்ந்து முதிர்ச்சியை முடுக்கும். வெளி அடுக்குக்கு வருவதற்குள் ஸ்டீராய்டு சல்ஃபட்டேஸ் நொதி அதைச் சுமார் 1 சதவீதமாகக் குறைத்துவிடும். குறையாவிட்டால், செல்களைப் பிரித்துவிடும் புரோட்டியேஸ்கள் முடங்கிச் செதில் உதிராமல் தடிக்கும். எக்ஸ் குரோமோசோம் வழி வரும் இக்தியோசிஸ் இதுதான்.

சீரம் சேர்க்காதது நல்ல முடிவு. சீரத்தில் வரும் வைட்டமின் ஏ முதிர்ச்சியை அழுத்தி வைக்கும்.

பட்டைவாசிப்பு
மின்தடையை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் துகளடுக்கின் செல்களுக்கிடையே உள்ள இறுக்கச் சந்திகளைத்தான் சொல்கிறது. சாயம் அந்த வாசலில் நிற்பதும் அதனால்தான்.

பழுது எந்தப் படியில் என்று அறிய ஸ்ட்ராட்டம் கார்னியத்தைப் பிரித்தெடுங்கள்: 0.1 சதவீத ட்ரிப்சினில் இரவு முழுக்க 4 டிகிரி, பிறகு ஒரு மணிநேரம் 37 டிகிரி. குளோரோஃபார்ம்-மெத்தனால் 2:1, 1:1, 1:2 என்று வரிசையாக வடித்து, மெல்லடுக்குத் தகட்டில் ஓட்டுங்கள்; கொழுப்பு வகைகள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். செராமைடின் முன்வடிவமான குளுக்கோசில்செராமைடு பட்டை தடித்திருந்தால் கொழுப்பு வெளியே வந்தும் பதப்படவில்லை என்று பொருள். அதைப் பதப்படுத்தும் பீட்டா-குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நொதி அமிலத்தன்மையில்தான் நன்றாக வேலை செய்யும். மேற்பரப்பில் மீடியம் தேங்கி நின்றால் அங்கே பிஹெச் நடுநிலைக்கு ஏறிவிடும். இன்சர்ட் ஓரத்தில் மீடியம் கசிகிறதா என்று தினமும் பாருங்கள்.

செராமைடு பட்டைகள் மெலிந்திருந்தால் வைட்டமின் சி-யைச் சந்தேகியுங்கள். 37 டிகிரியில் அது வேகமாக அழியும். பாஸ்ஃபேட் இணைந்த வடிவம் தாங்கும்.

முக்கியமான சோதனை இனிமேல்தான். வடித்து முடித்த சக்கையை, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த 95 சதவீத மெத்தனாலில் 60 டிகிரியில் 2 மணிநேரம் வையுங்கள். புரதத்தோடு பிணைந்த ஒமேகா-ஹைட்ராக்சிசெராமைடு அப்போதுதான் கழன்று வரும். அது இல்லாமல் அசைல்செராமைடு பட்டை மட்டும் இருந்தால் கார்னியோ சொன்ன கோளாறுதான். பட்டை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒலியிக் ஏறிய அசைல்செராமைடும் பக்கத்திலேயேதான் ஓடும். பட்டையைச் சுரண்டி மெத்தில் எஸ்டராக்கி வாயு குரோமட்டோகிராஃபியில் பார்த்தால்தான் எந்த அமிலம் என்று தெரியும்.

மேல்தோல்
மிக்க நன்றி. மீடியத்தை மாற்றாமல் செராமைடை மேலே பூசினால் ஈடாகுமா?

கார்னியோ
ஆகாது. பிணைப்பு செல் முதிரும்போதே உள்ளிருந்து நடப்பது. தவிர, செராமைடைத் தனியாகப் பூசினால் சிதைந்த தடுப்பு சீராவது தாமதமாகும் என்பது 1990-களிலேயே எலியஸ், ஃபைன்கோல்ட் குழு காட்டியது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலம் மூன்றும் சம மோலாக இருந்தால் இயல்பான வேகம். ஒன்றை மட்டும் 3:1:1 என்று தூக்கினால் இன்னும் விரைவு. ஆனால் அது உயிருள்ள தோலில் பார்த்தது.

உங்களுக்கு மூன்று இன்சர்ட் வரிசை போதும்: ஆல்புமின் மட்டும், ஆல்புமினோடு பால்மிட்டிக்கும் ஒலியிக்கும், ஆல்புமினோடு முழுக் கலவை. மூன்றிலும் ஆல்புமின் அளவு ஒன்றாக இருக்கட்டும். காற்றுக்குத் திறக்கும் நாளில் தொடங்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை மீடியத்தைப் புதிதாகக் கலந்து மாற்றுங்கள்.