மல மாதிரியில் பிரிவோடெல்லா அதிகம் என்றால் எச்.ஐ.வி.தான் காரணமா?

நுண்ணோக்கி_மதுரை (கேள்வி)

வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி ப்ராஜெக்ட். டி.எல்.டி. மாத்திரையில் (டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த எச்.ஐ.வி. மருந்து) இருக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 பேர், தொற்று இல்லாதவர்கள் 25 பேர். எல்லோரிடமும் மல மாதிரி எடுத்து 16எஸ் சீக்வென்சிங் (எந்தெந்தப் பாக்டீரியா என்று டி.என்.ஏ.வில் பார்ப்பது), கூடவே பிளாஸ்மாவில் எல்.பி.எஸ். (பாக்டீரியாவின் வெளிச்சுவர்த் துணுக்கு) அளவு. நெறிமுறைக் குழுவிடம் கொடுக்கும் முன் மூன்று சந்தேகம்.

எச்.ஐ.வி. இருந்தால் குடல் பாக்டீரியாக்களில் பாக்டீராய்டஸ் குறைந்து பிரிவோடெல்லா ஏறும் என்று 2013 வாக்கில் வந்த கட்டுரைகள் சொல்கின்றன. பின்னால் வந்தவை மறுக்கின்றன. எதை வைத்துக் கருதுகோள் எழுதுவது?

எல்.பி.எஸ். கிட்டில் ஒரே மாதிரியை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு எண் வருகிறது. எங்கே தவறு?

மூன்றாவது, ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மைய ஆலோசகர் கேட்கச் சொன்னது. புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) பொட்டலம் குடித்தால் சி.டி.4 (எச்.ஐ.வி. அழிக்கும் எதிர்ப்புச் சக்தி செல்) ஏறும் என்று வாட்சப்பில் சுற்றுகிறது. வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இலியம்

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

அந்தக் கருதுகோளை அப்படியே எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள். ஆரம்பக் கட்டுரைகள் பலவற்றில் எச்.ஐ.வி. உள்ள தரப்பில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் அதிகம், ஒப்பீட்டுத் தரப்பில் குறைவு. 2016இல் பார்சிலோனாக் குழு இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது, ஸ்டாக்ஹோமில் வேறொரு தொகுப்பிலும் சரிபார்த்தது. பிரிவோடெல்லா மிகுதி பாலுறவு வழக்கத்தோடு சேர்ந்து வந்தது, தொற்றோடு அல்ல. தொற்றோடு ஒட்டி நின்றது பாக்டீரிய வகைகளின் எண்ணிக்கை குறைவதுதான். மாத்திரையில் வைரஸ் அடங்கியும் சி.டி.4 ஏறாதவர்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது.

நம் பக்கம் இன்னொரு கண்ணியும் உண்டு. சோறு, பருப்பு, காய் என்று சாப்பிடுகிறவர்கள் குடலில் பிரிவோடெல்லா இயல்பிலேயே மிகுதி. உங்கள் 25க்கு 25இல் ஒரு தரப்பு கிராமத்து ஆட்கள், இன்னொரு தரப்பு கல்லூரி விடுதி என்று அமைந்துவிட்டால், நீங்கள் அளப்பது சாப்பாட்டைத்தான். ஒரே வீட்டில் வாழும் தொற்றில்லாத துணையை ஒப்பீட்டுக்கு எடுக்க முடிந்தால் பாதித் தலைவலி போகும். தொற்று நிலையைத் துணையிடம் சொல்லாதவர்கள் இருப்பார்கள். அந்த அழைப்பு அவர்கள் வழியாக, அவர்கள் சம்மதத்தோடு மட்டுமே போக வேண்டும்.

சின்ன எச்சரிக்கை: பிரிவோடெல்லா கோப்ரிக்கு இப்போது செகடெல்லா கோப்ரி என்று பெயர். பழைய டேட்டாபேஸையும் புதியதையும் கலந்து ஓட்டினால் ஒரே கிருமி இரண்டு வரிசையில் உட்காரும்.

பெப்டைடு

இலியம் சொன்னது சரி, ஆனால் "அப்போ எச்.ஐ.வி. குடலை ஒன்றும் செய்யவில்லை" என்று படித்துவிடக் கூடாது. குழப்பமெல்லாம் எந்தப் பாக்டீரியா ஏறியது, எது இறங்கியது என்பதில்தான். குடல் சுவர் பழுதாவதில் குழப்பமில்லை.

வைரஸ் உள்ளே நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற புரதம் உள்ள சி.டி.4 செல்கள் குடல் சளிப்படலத்துக்கு அடியில்தான் மண்டிக் கிடக்கின்றன. தொற்றிய முதல் சில வாரங்களிலேயே அங்கே பெரும்பகுதி அழிகிறது, ரத்தத்தில் சி.டி.4 அந்த அளவுக்கு விழும் முன்னால். முக்கியமாகப் போவது டி.எச்.17 என்ற வகை சி.டி.4 செல். ஐ.எல்.17, ஐ.எல்.22 என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து, குடலின் உள்சுவர் (எபிதீலிய) செல்களுக்கு இடையிலான இணைப்பை இறுக்கமாக வைப்பதும், கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரக்கச் சொல்வதும் அவைதான். அவை போனால் சுவர் ஒழுகும், பாக்டீரியத் துணுக்குகள் ரத்தத்துக்குள் வரும், மோனோசைட்டுகள் (ஒரு வகை வெள்ளணு) ஓயாமல் தூண்டப்படும். 2006இல் ப்ரெஞ்ச்லியும் டூவெக்கும் நேச்சர் மெடிசின் இதழில் காட்டியது இந்த ஒழுக்கைத்தான். எஸ்.ஐ.வி.யை (எச்.ஐ.வி.யின் குரங்கு உறவு வைரஸ்) இயல்பாகச் சுமக்கும் சூட்டி மாங்கபே குரங்குகளில் வைரஸ் ஏராளம் இருந்தும் நாள்பட்ட நிலையில் இந்த ஒழுக்கு இல்லை. அவற்றுக்குப் பெரும்பாலும் எய்ட்ஸும் வருவதில்லை.

மாத்திரை தொடங்கினால் ரத்தத்தில் சி.டி.4 ஏறுகிற வேகத்துக்குக் குடலில் ஏறாது. அதனால் உங்கள் ஆய்வில் இன்றைய சி.டி.4 மட்டும் போதாது. இதுவரை பதிவான மிகக் குறைந்த சி.டி.4, மாத்திரை தொடங்கிய தேதி இரண்டையும் படிவத்தில் சேருங்கள். கோட்ரைமாக்சசோல் (தொற்றுத் தடுப்புக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்) சாப்பிடுகிறாரா, காசநோய்த் தடுப்பு மாத்திரை முடித்தாரா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்று அமிலத்துக்கு ஒமெப்ரசோல் உண்டா என்பதும் வேண்டும். வேறு ஆன்டிபயாடிக்கை மூன்று மாதம் தொடாதவர் என்று வடிகட்டலாம். ஆய்வுக்காகக் கோட்ரைமாக்சசோலை நிறுத்தச் சொல்லவே கூடாது. குறித்துக்கொண்டு பகுப்பாய்வில் தனியாகப் பிரியுங்கள்.

250_டிகிரி

எல்.பி.எஸ். எண் ஆடுவது பெரும்பாலும் உங்கள் கை வழியாக வருகிறது. சாதாரண பிப்பெட் டிப், சாதாரணக் குழாய், ஆட்டோகிளேவ் செய்த தண்ணீர் எல்லாவற்றிலும் எண்டோடாக்சின், அதாவது எல்.பி.எஸ்., இருக்கலாம். 121 டிகிரி ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், எல்.பி.எஸ்.ஸை அழிக்காது. கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரி உலர் சூட்டில் 30 நிமிடம் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் பைரோஜன் (எண்டோடாக்சின் போன்ற காய்ச்சலூட்டும் பொருள்) இல்லை என்று உறையில் போட்டதை மட்டும் வாங்குங்கள்.

பிளாஸ்மாவிலேயே எல்.பி.எஸ்.ஸைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள் உண்டு. 10 மடங்கு நீர்த்து, 70 முதல் 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கிய பிறகுதான் எல்.ஏ.எல். (எல்.பி.எஸ். அளக்கும் சோதனை) போட வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு எண்டோடாக்சின் கலந்து ஒரு குழி தனியாக ஓட்டுங்கள். கலந்ததில் 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைக்கவில்லை என்றால் அந்த மாதிரியின் எண்ணை எழுத வேண்டாம். பூஞ்சையின் பீட்டா குளுக்கானும் எல்.ஏ.எல்.லைத் தூண்டும், குளுக்கான் தடுப்பு பஃபர் சேருங்கள், அல்லது ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி கிட்டுக்கு மாறுங்கள். ரத்தத்தை வெறும் வயிற்றில் எடுங்கள். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு எவருக்கும் எல்.பி.எஸ். கொஞ்சம் ஏறும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் எல்.பி.எஸ்.ஸை முதன்மை அளவாக வைக்க மாட்டேன். கரையும் சி.டி.14 (தூண்டப்பட்ட மோனோசைட்டுகள் ரத்தத்தில் விடும் புரதம்) எலைசா நிலையானது, அது கூடினால் இறப்பு அபாயம் கூடுவதும் எச்.ஐ.வி. உள்ளவர்களில் காட்டப்பட்டிருக்கிறது. மைக்ரோகிராம் அளவில் இருப்பதால் பல நூறு மடங்கு நீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாக் குழியும் ஒரே மஞ்சள். ஆனால் அது எந்த அழற்சியிலும் ஏறும். குடல் செல் சேதத்துக்கென்று ஐ.எஃப்.ஏ.பி.பி. (சேதமான குடல் செல்லிலிருந்து கசியும் புரதம்) சேர்த்தால் நல்லது, சிறுநீரகம் பலவீனமானவர்களில் அது தேங்கும், ஆகவே கிரியாட்டினினும் பாருங்கள்.

மல மாதிரி: இரண்டு மணி நேரத்துக்குள் மைனஸ் 80 டிகிரிக்குப் போக வழியில்லை என்றால் 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். 70 சதவீதம் வேண்டாம், டி.என்.ஏ. அதில் நிலைக்காது. டி.என்.ஏ. எடுக்கும்போது மணி போட்டுக் குலுக்கும் படியை விடாதீர்கள். அதை விட்டால் தடித்த சுவருள்ள கிராம் பாசிட்டிவ் உடையாமல் நிற்கும், பிரிவோடெல்லா தானாக ஓங்கித் தெரியும்! இரு தரப்பு மாதிரிகளையும் ஒவ்வொரு பேட்சிலும் கலந்து, ஒரு வெற்றுக் குழாயும் சேர்த்து ஓட்டுங்கள்.

ஓ.பி._எண்_7

புரோபயாடிக் கேள்விக்கு. சி.டி.4 ஏறும் என்று யாருக்கும் உறுதி சொல்லாதீர்கள். மாத்திரையில் வைரஸ் அடங்கியவர்களுக்குப் பல்வகைப் பாக்டீரியா கலந்த புரோபயாடிக்கை 24 வாரம் கொடுத்து ஏ.சி.டி.ஜி. என்ற எய்ட்ஸ் மருத்துவ ஆய்வுக் கூட்டமைப்பு நடத்திய ஆய்வில் கரையும் சி.டி.14 இறங்கவில்லை. ரிஃபாக்சிமின், மெசலமின், செவலமர் என்ற மருந்துகளால் வேறு வழியாக முயன்றவையும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. நலமானவரின் குடல் பாக்டீரியா அடங்கிய மல மாற்று கேப்சூலை மாட்ரிடில் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், ஐ.எஃப்.ஏ.பி.பி. இறங்கியது, கொடுத்த பாக்டீரியா ஓரளவு ஒட்டியது. சிகிச்சை என்று சொல்லும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

ஆலோசகர் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். துத்தநாகம், கால்சியம், இரும்பு சேர்த்த பொடிகள் உண்டு. இந்த உலோக அயனிகள் குடலில் டொலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டால் மருந்து ரத்தத்துக்குப் போதிய அளவு போகாது. கால்சியம், இரும்பு என்றால் சாப்பாட்டோடு டி.எல்.டி.யையும் அதையும் சேர்த்து விழுங்கலாம். வெறும் வயிறு என்றால் டி.எல்.டி. இரண்டு மணி நேரம் முன்னால், அல்லது ஆறு மணி நேரம் பின்னால். அலுமினியம், மக்னீசியம் உள்ள ஆன்டாசிடுக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, எப்போதும் அந்த 2–6 கணக்குதான்.

அடுத்தது சாக்கரோமைசிஸ் பவுலார்டி. அது ஈஸ்ட். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் செருகும் குழாய்) போட்டவருக்கும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவருக்கும் ரத்தத்தில் பரவிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அவர்களுக்கு வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்காகப் பொட்டலம் கேட்கிறவராக இருந்தால் முதலில் மலத்தை மாற்றியமைத்த ஆசிட்ஃபாஸ்ட் சாயத்தில் பார்க்கச் சொல்லுங்கள். 4–6 மைக்ரான் உருண்டை கிரிப்டோஸ்போரிடியம். 25–30 மைக்ரான் நீள்வட்டம் சிஸ்டோஐசோஸ்போரா. இரண்டும் குடல் ஒட்டுண்ணிகள். சிஸ்டோஐசோஸ்போராவுக்குக் கோட்ரைமாக்சசோல் கேட்கும். மைக்ரோபயோம் என்ற பெயரில் இது தவறிப்போவதுதான் நிஜமான ஆபத்து. தயிரும் மோரும் வழக்கம்போல் சாப்பிடலாம், தடையில்லை.

நுண்ணோக்கி_மதுரை

நன்றி. கரையும் சி.டி.14தான் முதன்மை என்று மாற்றிவிட்டேன். பெண்களிடம் யோனி ஸ்வாபும் எடுக்கலாமா என்று கைடு கேட்கிறார். அதில் ஏதாவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

இலியம்

குடலைவிட அங்கேதான் முடிவுகள் தெளிவு. ஆனால் கேள்வி வேறு: குடலில் வைரஸ் வந்த பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கிறோம், யோனியில் வைரஸ் நுழைவதைக் கிருமிகள் எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கிறோம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே இளம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் வந்தது. லாக்டோபாசில்லஸ் குறைந்து பலவகைக் காற்றில்லாக் கிருமிகள் நிறைந்தவர்களுக்குத் தொற்று அபாயம் நான்கு மடங்குக்கு மேல். லாக்டோபாசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் ஓங்கியிருந்தவர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை.

அதே ஆண்டு சயின்ஸ் இதழில் வந்தது இன்னும் சுவையானது. கேப்ரிசா 004 என்ற தென்னாப்பிரிக்க ஆய்வில் யோனியில் போட்ட டெனோஃபோவிர் ஜெல், லாக்டோபாசில்லஸ் ஓங்கியவர்களில் தொற்றை 61 சதவீதம் தடுத்தது, மற்றவர்களில் 18 சதவீதம்தான். கார்ட்னரெல்லா என்ற பாக்டீரியா அந்த மருந்தைச் செல்லுக்குள் போகும் முன்னே தானே சிதைத்துவிடுகிறது. வாய்வழி மாத்திரையில் இந்தப் பிரச்சினை தென்படவில்லை, அது ரத்தம் வழியாக வருகிறது.

உங்கள் 25 பேரில் பெண்கள் எத்தனை இருப்பார்கள்? ஏற்கெனவே தொற்று உள்ளவர்களிடம் ஸ்வாப் எடுத்து நுழைவைப் பற்றி எதுவும் சொல்லவும் முடியாது. கைடு பிடிவாதமாக இருந்தால் சீக்வென்சிங்கில் பணம் போடாமல் நியூஜென்ட் ஸ்லைடு (நுண்ணோக்கியில் பாக்டீரிய வடிவங்களை எண்ணி மதிப்பெண் போடும் முறை) போடுங்கள். ஸ்வாபைக் கண்ணாடியில் தேய்க்காமல் உருட்டுங்கள், கிராம் சாயம், ஆயில் இம்மர்ஷன், மதிப்பெண் 7 அல்லது அதற்கு மேல் என்றால் பாக்டீரியல் வஜினோசிஸ் (யோனிப் பாக்டீரியாக்களின் சமநிலை கெட்ட நிலை). அப்படி வந்து, அறிகுறியும் உள்ள பெண்ணைச் சுகவாழ்வு மையத்துக்கு (பால்வினை நோய்ச் சிகிச்சை மையம்) அனுப்பும் ஏற்பாட்டை நெறிமுறைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். குழு முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.