ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இடிச்ச வரி எது? கடலூர், பாண்டி உணவுத் தொழில் அனுபவங்கள்

மாவுக்கணக்கு

இட்லி மாவு யூனிட்டுக்கு வங்கிக் கடன் கேட்டுப் போட்ட ரிப்போர்ட். 42 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், அட்டையில கலர் இட்லி. வங்கி மேனேஜர் உள்ள படிக்கவே இல்லை. "ஆண்டு விற்பனை 36 லட்சம்"ங்கிற வரியில பேனாவை வச்சார். 300 நாளால வகுத்தா 12,000. கடைக்குப் போடுற விலை கிலோ 40, அப்போ நாளைக்கு 300 கிலோ. அப்படியே கடைசிப் பக்கத்துக் கொட்டேஷனைத் திருப்பினார். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர், ஒண்ணே ஒண்ணு. ஈட்டுக்குப் பத்து கிலோன்னா 30 ஈடு. ஊத்தி, ஆட்டி, வழிச்சுக் கழுவ 40 நிமிஷம்னு வச்சா 20 மணி நேரம். "யார் தூங்குறது?"ன்னு ஒரே கேள்வி. ஃபைல் மூடியாச்சு.

லாபம் கிலோவுக்கு 14 ரூபாய்னு போட்டிருந்ததும் ஆகாத கணக்கு. அரிசி 40, உளுந்து 130ன்னு வச்சுப் பாருங்க. 1 கிலோ அரிசி, கால் கிலோ உளுந்து: 72.50. மாவு 2¾ கிலோ. சரக்கு மட்டும் கிலோவுக்கு 26 ரூபாய் சொச்சம். கவர் 1.50, கரண்டும் தண்ணியும் 2, கூலி 4, வண்டி 2. 36 ஆச்சு. இதுல எல்லாரும் விடுறது ரிட்டர்ன். கடைக்காரர் வித்தாத்தான் காசு தருவார். மூணாம் நாள் கவர் உப்பிக்கிட்டு நிக்கிற மாவு நம்ம தலையில. நூத்துக்கு அஞ்சு திரும்பினா கிலோவுக்கு 2 ரூபாய் காலி. மிச்சம் 2.

தோசைப் பிரியன்

2¾ கிலோவா? 3 கிலோ தாராளமா வரும்.

மாவுக்கணக்கு

தண்ணி விட்டா 4 கிலோ கூட வரும், இட்லி தட்டையா உட்காரும். பழைய உளுந்தா இருந்தா காணவே காணாது. ரிப்போர்ட்ல 2¾ போடுங்க, கூட வந்தா சந்தோஷம்.

ஓ.டி. கரை

மீன் ஊறுகாய் ரிப்போர்ட்ல பன்னிரண்டு மாசமும் ஒரே விற்பனை, ஒரே கொள்முதல். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. துறைமுகத்துல பாதிப் பேருக்குக் காலண்டரே அதுதான். ரிப்போர்ட் எழுதினவருக்கு அது தெரியலை. மே மாசக் கட்டத்துல ஏப்ரல் விலையே நின்னுது, அதைத்தான் வட்டம் போட்டாங்க.

10 கிலோ முழு மீன் வாங்கினா தலை, குடல், முள்ளு போக 6 கிலோவுக்கு உள்ளேதான் சதை, பொரிச்செடுத்தா சுமார் 4. தடைக்காலத்துக்கும் சேர்த்து முன்னாடியே வாங்கி மைனஸ் 18-ல வைக்கணும். அதனால ஃப்ரீஸர் இயந்திரப் பட்டியல்ல வரணும், ஏப்ரல்ல நடைமுறை மூலதனம் எகிறணும். ஐப்பசி, கார்த்திகையில புயல் எச்சரிக்கை வந்தா மறுபடி இதே கதை. வருஷ மொத்தம் மட்டும் போட்டா இது எதுவும் தெரியாது, மாசவாரியா பணவரவுப் பட்டியல் வேணும்.

பாண்டி 605

பீச் பக்கம் சாட் வண்டிக்கு ஒரு ரிப்போர்ட். சனிக்கிழமை சாயங்காலம் எண்ணினது 80 பிளேட், அதை 30-ஆல பெருக்கி மாசம் 2,400. சனி ஞாயிறு 8 நாள் 80, மிச்ச 22 நாள் 25ன்னு போட்டா 1,190. பாதி கூட இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்க நின்னு எண்ணியிருந்தா போதும்.

பாகூர் ரோடு

இங்க யாரும் எல்லையைப் பத்திப் பேசலையே. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ல தயாரிச்சு, தமிழ்நாட்டுக் கடலூர் கடைக்குப் பாக்கெட் போடுற மாதிரி ஒரு ரிப்போர்ட். "விற்பனை 18 லட்சம், ஜி.எஸ்.டி. தேவையில்லை"ன்னு ஒரு வரி. தமிழ்நாட்டில் பொருள் விற்பனைக்கு வரம்பு 40 லட்சம், புதுச்சேரியில 20 லட்சம். 18 அதுக்குள்ளதானேன்னு நினைச்சிருக்காங்க. ஆனா பாகூர்லேர்ந்து கடலூருக்குப் போனா அது மாநிலம் விட்டு மாநிலம். வரி உள்ள பொருளை அப்படி வித்தா வரம்பே கிடையாது, முதல் ரூபாய்லேர்ந்து பதிவு கட்டாயம். காம்போசிஷனும் (சின்ன வியாபாரிக்கான எளிய வரி முறை) எடுக்க முடியாது. அரை மணி நேர பஸ் தூரம்தான், சட்டத்துக்கு அது வேற மாநிலம்.

வீடு பாண்டியில, ஷெட் தமிழ்நாட்டுப் பக்கம் ரெட்டிச்சாவடியிலன்னா மாவட்டத் தொழில் மையம் எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. தமிழ்நாட்டு அரசோட மானியத் திட்டம் புதுச்சேரி யூனிட்டுக்குக் கிடையாது.

பழைய குமாஸ்தா

சாட் வண்டிக்கு எதுக்குங்க அவ்ளோ கணக்கு? வண்டிக்கு முத்ரா சிறுகடன் போதும், ரெண்டு பக்கம் எழுதினா ஆச்சு. நான் பார்த்த கேஸ் சின்னது: முறுக்கு யூனிட், மானியத்தை முதல் வருஷ வருமானத்துல சேர்த்துட்டாங்க. அவ்ளோதான். யாரும் கேக்கலைன்னாலும் சொல்லிடறேன்.

சிறு உணவுத் தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டம் பி.எம்.எஃப்.எம்.இ.-ல மானியம் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம். அது கைக்கு வராது. வங்கியிலேயே தனியா நிக்கும், மூணு வருஷம் கணக்கு ஒழுங்கா இருந்தாத்தான் கடன்ல கழியும். அதனால மானியத்தை நம்பித் தவணை போடாதீங்க. கைக்காசு குறைஞ்சது 10 சதவீதம், அது பாஸ்புக்ல இருக்கணும்.

அடுத்து டி.எஸ்.சி.ஆர்., அதாவது வருஷத்துல கையில வர்ற பணம் கட்ட வேண்டிய தவணைக்கு எத்தனை மடங்குன்னு பார்க்கிறது. கடன் 5 லட்சம், அஞ்சு வருஷம்: அசல் வருஷத்துக்கு 1 லட்சம், வட்டி 11 சதவீதம்னா முதல் வருஷம் 55,000 கிட்ட. கட்ட வேண்டியது 1,55,000. வட்டி போக லாபம் 1,20,000, தேய்மானம் 60,000 (4 லட்சம் மெஷினுக்கு 15 சதவீதம்), வட்டியைத் திருப்பிக் கூட்டினா 2,35,000. வகுத்தா 1.5. இதுக்குக் கீழ போனா மேனேஜர் முகம் மாறும். சரி, அந்த 1,20,000-ல முதலாளி வீட்டுச் செலவு எங்க? பாதி ரிப்போர்ட்ல அவருக்குச் சம்பளமே இருக்காது. மாசம் 12,000 எடுத்தாலே 1,44,000, கணக்கு கவிழ்ந்தது. அதை முதல்லயே கூலியில சேருங்க, அப்புறம் எவ்வளவு விக்கணும்னு பாருங்க.

உற்பத்தித் திறன்ல முதல் வருஷம் 60 சதவீதம், அப்புறம் 70, 80ன்னு போடுங்க. முதல் வருஷமே 100 போட்டா எழுதினவர் தொழிலைப் பார்த்ததே இல்லைன்னு அர்த்தம். கொட்டேஷன்ல ஜி.எஸ்.டி. நம்பர், மோட்டார் எத்தனை ஹெச்.பி.ன்னு இருக்கணும், மின் இணைப்பு லோடு அதுக்கு ஒத்துப் போகணும். கடலோரத்துல போர் தண்ணி உப்பு. தண்ணிப் பரிசோதனையும் ஆர்.ஓ.வும் செலவுல வரணும். உத்யம் பதிவு (சிறுதொழில் பதிவு) இலவசம், அதுக்கு ஏஜென்ட்டுக்கு 2,000 கொடுத்ததா எழுதி வைக்காதீங்க.

தோசைப் பிரியன்

அவர் சாட் வண்டியைப் பத்தித்தானே சொன்னார், நீங்க முறுக்குக்குப் போயிட்டீங்க. அது போகட்டும், மாவு அண்ணே, கவர் 1.50ன்னா பிரிண்ட் போட்டதா, ஸ்டிக்கரா?

மாவுக்கணக்கு

ஸ்டிக்கர். ரோல் பிரிண்ட் போனா ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர், அந்தக் காசு தனி, கவரும் மொத்தமா எடுக்கணும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு உரிமம்) நம்பர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி சிலிண்டர் வெட்டக் கொடுத்துடாதீங்க.