ரோடமின் பி பைப்பரசின் அமைடு: சுத்தப்படுத்த உதவி தேவை

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஒளிர்சாயம் தயாரிப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். ரோடமின் பி என்ற ஒளிர்சாயத்தோடு பைப்பரசின் என்ற அமினை இணைத்து அமைடு தயாரிக்கிறோம். உயிருள்ள செல்லில் மைட்டோகாண்ட்ரியாவைப் பார்ப்பதற்கான சாயம் இது.

479 மி.கி. (1 மில்லிமோல்) ரோடமின் பி, பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு, 1,2-டைகுளோரோஈத்தேனில் 4 மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவியைக் குளிர்வித்துத் திருப்பியபடி கொதிக்கவைத்தல்). இதில் ரோடமின் பி ஆசிட் குளோரைடாக மாறுகிறது. ஆவியாக்கிய பின் அசிட்டோநைட்ரைலில் போக்-பைப்பரசின் (ஒரு நைட்ரஜனை Boc என்ற பாதுகாப்புக் குழுவால் மூடிய பைப்பரசின்), ட்ரைஎத்தில்அமின். கடைசியில் டிஎஃப்ஏ (ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலம்) போட்டு போக் குழுவை நீக்குகிறோம். முதனிலை அமின் இங்கே உதவாது. ஸ்பைரோலாக்டம் என்ற வளையமாக மூடிக்கொண்டு நிறமே போய்விடும். இரண்டாம்நிலை அமினில் உருவாகும் அமைடு நைட்ரஜனில் ஹைட்ரஜன் இல்லாததால் வளையம் மூடாது, நிறம் நிற்கும்.

நிறை அளவியில் நமக்கு வேண்டிய அமைடின் 511.3 சரியாக வருகிறது. கூடவே ரோடமின் பியின் 443.2-ம் (குளோரைடு அயனி போக மீதி நிறை) வருகிறது, அதுதான் தொல்லை. ஈரம் பட்ட ஆசிட் குளோரைடு திரும்ப ரோடமின் பி ஆகிவிடுகிறது என்று நினைக்கிறோம். சிலிக்கா நிரலில் டிசிஎம் (டைகுளோரோமீத்தேன்)-மெத்தனால் ஓட்டினால் இரண்டும் வால்விட்டு ஒன்றாகவே இறங்குகின்றன.

சோடியம் பைகார்பனேட் கரைசலில் கரைத்து எத்தில் அசிடேட்டால் கழுவினால் ரோடமின் பி போய்விடுமா? எத்தனை முறை? நிரலுக்கு நியூட்ரல் அலுமினா நல்லதா, சி18 (18 கார்பன் சங்கிலி பதித்த சிலிக்கா) நல்லதா? பிரெப் எச்பிஎல்சியில் (உயர் அழுத்தத்தில் நிரல் வழியே பிரித்தெடுக்கும் கருவி) அரை நாள் இடம் தர முடிந்தாலும் பெரிய உதவி.

கோடையில் இதே வேலை செய்பவர்களுக்கு: நிரலில் ஓட்டிய டிசிஎம்மை ஆவியாக்கும்போது கவனம், அது 40 டிகிரியிலேயே கொதிக்கும். நம்மூர் மே மாதக் குழாய்த் தண்ணீர் கண்டென்சருக்குப் போதாது, ஐஸ் தண்ணீரைச் சுற்றவிடுங்கள்.